ராமையன் வைத்த கைநாட்டு

1

போன மாதம் எனக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். இந்தப் பல்கலைக்கழகத்தில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவர்களுக்குக் கொடுக்கிற கறுப்பு மர நாற்காலி. அதன் முதுகில் பல்கலைக்கழக முத்திரை இருக்கும். சாய்ந்து உட்கார்ந்தால் குத்தும். வீட்டில் வேறு இடமில்லாததால் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். இப்போதைக்கு அதன்மேல் ஒரு துண்டு காய்கிறது.

கொடுத்த அன்று துறைத் தலைவர் பேசினார். என்னைவிட ரொம்ப இளையவர், நல்ல மாதிரி. "டாக்டர் அந்தோணிசாமி" என்று ஆரம்பித்தார். அந்தோணிசாமி என் அப்பா. நான் ஸ்டெல்லா. முதன்முதலில் விசாவுக்கு எழுதிப் போட்டபோது எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் என்று தெரியாமல் நிரப்பியதில் அப்பா பெயர் எனக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. மாற்றப் பார்த்தேன். ஒவ்வோர் அலுவலகத்திலும் முதலில் அடுத்த அலுவலகத்தில் மாற்றிக்கொண்டு வா என்றார்கள். விட்டுவிட்டேன். திருக்காட்டுப்பள்ளிக்கு மேற்கே மண்ணுக்குள் போய்விட்ட மனிதரை அமெரிக்காவில் தினமும் நாலு தரம் கூப்பிடுகிறார்கள். நான் திரும்பிப் பார்க்கிறேன்.

சமூக உளவியலில் என் பெயரைக் கேட்டால் பலருக்கும் ஒரு படம் ஞாபகம் வரும் என்றார் தலைவர். அதைத் திரையில் போடவும் ஏற்பாடு செய்திருந்தார். ஒரு சம்மதப் படிவத்தின் கடைசிப் பக்கம். தமிழ் எழுத்துகள், கீழே ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை. ஆய்வில் பங்குபெறுகிற ஏழை மனிதரிடம் எப்படி முறையாக, மரியாதையாகச் சம்மதம் வாங்க வேண்டும் என்பதற்கு அது உதாரணமாம். நானே வருடா வருடம் புது மாணவர்களுக்கு அதைக் காட்டிப் பாடம் நடத்தியிருக்கிறேன். எல்லோரும் கைதட்டினார்கள். எழுந்து சிரித்தேன். 

அந்த ரேகையால் ஒரு குடும்பம் நிலத்தை இழந்தது. இந்த வருடம்தான் எனக்குத் தெரியவந்தது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

2

திருச்சியில் நான் உளவியல் படித்தபோது ஊரில் "பைத்தியத்துக்கு வைத்தியம் படிக்கிற பொண்ணு" என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் அதைக் கேட்டே திரும்பிப் போனார்கள். அப்பா இறந்து, நிலபுலன்களை அண்ணன் செல்வராஜ் பார்க்க ஆரம்பித்த வருடம், உதவித்தொகையோடு இங்கே முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்தது. ஊரில் அப்போதுதான் எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்துக்கொண்டிருந்தன. கேபிள் ஒயர் தென்னை மரத்துக்குத் தென்னை மரம் போயிற்று. வளைகுடாவுக்குப் பையன்கள் போனது பழங்கதை. ஒரு பெண் அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறாள் என்பது புதுக்கதை. மாதா கோயிலில் சாமியார் எனக்காக ஒரு பூசை வைத்தார்.

வந்த முதல் மாதம் பசியிலேயே கழிந்தது. யார் வீட்டுக்குப் போனாலும் "சாப்பிடுகிறாயா?" என்பார்கள். நான் "வேண்டாம்" என்பேன். நம் ஊரில் முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது வழக்கத்துக்கு. மூன்றாம் தரம் கேட்கும்போது இலை போட்டிருப்பார்கள். இங்கே இரண்டாம் தரமே கேட்கவில்லை. அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

என் பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "உங்கள் ஊர்க்காரர்கள் ஏன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்கள்?" என்று கேட்டார். அதற்கும் தலையாட்டினேன். "இதுதான் உன் ஆய்வு" என்றார் அவர். முகத்துக்கு நேரே ஒருவர் கேட்கும்போது முடியாது என்று சொல்ல மனிதர்களால் ஏன் முடிவதில்லை? இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் பட்டம் வாங்கினேன், வேலை வாங்கினேன், வேலை நிரந்தரமானது, வீடும் வந்தது. இதில் பெருமை ஒன்றுமில்லை. எல்லோருக்கும் ஏதாவது ஒன்று சோறு போடுகிறது.

3

ஊரில் போய் ஆட்களைச் சந்தித்துப் பேட்டி எடுக்கத் திட்டம் போட்டேன். மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆய்வுக்கும் இங்கே ஒரு நெறிமுறை அலுவலகத்தின் அனுமதி வேண்டும். பேட்டி கொடுப்பவர் ஒவ்வொருவரும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்க வேண்டும், ஊரில் நம்பகமான ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். எங்கள் ஊரில் காகிதத்தில் கைநாட்டு என்றாலே பயப்படுவார்கள் என்று அந்த அலுவலகப் பெண்மணியிடம் மெல்லச் சொன்னேன். "இது அவர்களுடைய பாதுகாப்புக்காக என்று விளக்குங்கள்" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

இங்கே கோடை விடுமுறை, அங்கே ஆடி முடிந்து ஆவணி. அந்த வருடம் காவிரியில் தண்ணீர் தாமதம். குறுவை போயிற்று, சம்பாவுக்கு அப்போதுதான் நாற்று விட்டிருந்தார்கள். அண்ணனிடம், "பேட்டிக்கு நாலு பேர் வேணும்ணே, மொதல்ல நமக்குத் தெரிஞ்ச ஆளா இருந்தா நல்லது" என்றேன்.

"நம்ம ராமையன வரச் சொல்றேன். நீ என்ன கேட்டாலும் சொல்லுவான்" என்றார் அண்ணன்.

ராமையன் எங்கள் குத்தகைக்காரர். அவருடைய அப்பா காலத்திலிருந்து வாய்க்கால் ஓரத்து நிலம் அவர்களிடம்தான் இருந்தது, பதிவு பெற்ற குத்தகை. ஐம்பது வயதிருக்கும். குழந்தையில் நான் அவரை "ராமையா, வா, போ" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

காலில் சேற்றைக் கழுவிக்கொண்டு கொல்லைப் பக்கமாக வந்து நின்றார். நான் போய், "வாங்க, உள்ள வந்து உக்காருங்க" என்றேன். அவர் அண்ணன் முகத்தைப் பார்த்தார். அண்ணன், "பாப்பா சொல்லுதுல்ல, உக்காரு" என்றார். கூடத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அண்ணி காபி கொண்டுவந்து வைத்தார். படிவத்தை நான் தமிழில் எழுதி, திருக்காட்டுப்பள்ளியில் டைப் அடித்து வைத்திருந்தேன். அதை வரி விடாமல் வாசித்தேன். இதில் நான் மனப்பூர்வமாக, யாருடைய கட்டாயமும் இல்லாமல் சம்மதிக்கிறேன். இதனால் எனக்கு எந்த ஆதாயமும் கிடைக்காது என்பதை அறிவேன். இதற்கு இன்னார் சாட்சி.

வாசித்து முடித்து, "இஷ்டமில்லன்னா வேணாம்னு சொல்லிடலாங்க. ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம்" என்றேன்.

ராமையன் காபியைத் தொடவில்லை.  "இது பாப்பா படிப்புக்குங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாங்க. இது இருந்தாத்தான் நான் படிச்சு முடிக்க முடியும்."

"அப்ப சரி. எங்க வெக்கணும்மா?" என்று கையை நீட்டினார்.

மைப்பெட்டியை நான்தான் திறந்து பிடித்தேன். அண்ணன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு நான் கேட்ட அத்தனை கேள்விக்கும் ராமையன் ஒரே குரலில், ஏதோ தூரத்திலிருந்து பேசுவதுபோலப் பதில் சொன்னார். அருமையான பேட்டி என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். அவர் போன பிறகு பார்த்தேன், காபி ஆறி ஆடை படிந்திருந்தது.

4

அடுத்த தை மாதம் அண்ணன் போனில் சொன்னார், "ராமையன் நெலத்த விட்டுட்டான். அவனாவே வந்து சொன்னான்." வயதாகிறது, தண்ணீரும் நம்பிக்கையில்லை, பிள்ளைகள் திருப்பூர் பக்கம் போகிறார்கள், அதனால் இருக்கும் என்று நானே எண்ணிக்கொண்டேன். "ஏண்ணே?" என்று கேட்டிருக்கலாம். சர்வதேச அழைப்பு, மூன்று நிமிடத்தில் முடிக்க வேண்டும், கேட்கவில்லை. இது உண்மையான காரணம் அல்ல என்று எனக்கும் தெரியும்.

அதற்கப்புறம் அந்த நிலத்தைத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றுக்குக் கொடுக்க அண்ணன் பேசி முடித்தார். அந்தக் காலத்தில் வயலுக்கு வயல் கல்லூரி எழும்பிக்கொண்டிருந்தது. நிலத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் நான் அதிகாரப் பத்திரம் எழுதித்தர வேண்டும். இந்தியத் துணைத் தூதரகத்துக்கு ஏழு மணி நேரம் பஸ்ஸில் போனேன். புகைப்படம் அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போனேன். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். ஒரு பக்கத்தையும் படிக்கவில்லை. அண்ணன் அனுப்பியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதா? அப்படிச் செய்தால் அவரைச் சந்தேகப்பட்டதாக ஆகாதா? முடியாது என்று சொல்லத் தெரியாதவர்களைப் பற்றி அப்போது நான் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

என் மகள் ரீத்தா இங்கே பிறந்தவள். அவளுக்கு முடியாது என்பது மூச்சு விடுகிற மாதிரி வரும். தமிழ் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமைப் பூசை, ஊருக்கு வருவது, எல்லாவற்றுக்கும் ஒரே பதில், சிரித்த முகத்தோடு. அவளுடைய அப்பாவும் நானும் பிரிந்தபோது யாரோடு இருக்கிறாய் என்று கேட்டதற்கு, "இரண்டு பேரோடும் இல்லை" என்று விடுதிக்குப் போனாள். கொஞ்ச நாள் எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. நம்மை மாதிரி இல்லாமல் ஒரு பெண்ணை வளர்த்துவிட்டேன் என்று கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். இப்போது பிறந்தநாளுக்கு ஒரு செய்தி வருகிறது.

5

அண்ணன் போன வருடம் இறந்தார். வருட நினைவுப் பூசைக்கு இந்த ஜனவரியில் ஊருக்குப் போனேன். பூசை முடிந்து வீட்டுக்குப் பின்னால் பந்தியில் சாப்பாடு. கடைசிப் பந்தியில் ஒரு வயதான பெண் தனியாக உட்கார்ந்திருந்தார். ராமையன் மனைவி பஞ்சவர்ணம். ராமையன் இறந்து பல வருடமாகிறது. திருப்பூரில் சாயப்பட்டறை வேலை, நெஞ்சில் சளி கட்டி, ஊருக்குத் திரும்பி வந்து ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லையாம்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஏங்க, நெலத்த ஏன் அப்படி விட்டுட்டாரு? இருந்திருந்தா வயசான காலத்துல ஊரோட இருந்திருக்கலாம்ல?" என்று கேட்டேன். இருபத்தேழு வருடம் கழித்து, சாப்பிட்ட கையோடு, பேச்சுவாக்கில் கேட்டேன்.

பஞ்சவர்ணம் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்க வந்து எழுதி வாங்கிட்டுப் போனீங்கல்லம்மா."

"நானா?"

"ஆமாம்மா. கூப்புட்டு உக்கார வெச்சு, காப்பி குடுத்து, படிச்சுக் காட்டி வாங்குனீங்களே. அன்னைக்கே அவருக்குத் தெரிஞ்சு போச்சு. பாப்பா படிப்புக்கு நெலத்த விக்கணும்போல, அதான் அமெரிக்காவுலேந்து அதுவே நேர்ல வந்து கேக்குதுன்னாரு. வாங்க போங்கன்னு வேற பேசுனீங்களாம். அத்தனை மரியாதையா கேக்குற புள்ளைகிட்ட இல்லன்னு எப்புடி சொல்றதுன்னாரு."

 பதிவுக் குத்தகைக்காரரைச் சட்டப்படி எழுப்புவது லேசில்லை என்பதால் எங்கள் பக்கத்து நிலக்காரர்கள் வைத்திருந்த வழி இதுதான். என்றும் கொல்லையில் நிற்கிறவரைக் கூடத்துக்கு அழைத்து உட்கார வைப்பார்கள். காபி வரும். தன்மையாகப் பேசுவார்கள். தானாக விட்டுக்கொடுப்பதாக ஒரு காகிதம் வாசிக்கப்படும். மை வரும், சாட்சி வருவார். அக்கம்பக்கத்து வீடுகளில் இதைச் சிறுமியாக நானே பார்த்திருக்கிறேன். அதையே ஒன்று விடாமல் நான் செய்திருக்கிறேன், ஒரு பல்கலைக்கழகம் சொல்லிக் கொடுத்ததால்.

"அது அதுக்கில்லைங்க. அது சும்மா கேள்வி கேக்கறதுக்கு வாங்குனது. நெலத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றேன்.

அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. "நடவு முடியிற வரைக்கும் எங்கிட்ட சொல்லவே இல்லம்மா. கடைசி வெள்ளாமைன்னு அவருக்கு மட்டுந்தான் தெரியும். வரப்பையெல்லாம் புதுசா அண்டை வெட்டி, மண்ணு அணைச்சு வெச்சாரு. குடுக்கும்போது நல்லபடியா குடுக்கணும்னு."

"எங்க அண்ணங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியா?"

"அறுப்பு முடிஞ்சு போயி, பாப்பாவுக்கு குடுத்த வாக்குப்படி விட்டுடறேங்கன்னாரு. ஐயா ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாளு கழிச்சு ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயி இன்னொரு காயிதத்துல வாங்குனாரு."

அண்ணனுக்கு என் படிவம் எதற்கு என்று தெரியும். அவர்தான் சாட்சி. "ஏலேய், அது வேற" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாயை மூடிக்கொண்டிருந்தார். அவருக்காக அன்று காலை மண்டியிட்டு ஜெபம் பண்ணிவிட்டு வந்திருக்கிறேன். கோபப்படவும் ஆள் இல்லை. அவரை மட்டும் சொல்லி என்ன? "ஏண்ணே" என்று கேட்காதவள் நான்தானே.

6

திரும்பி வந்ததும் நெறிமுறை அலுவலகத்துக்கு எழுதினேன். ஆய்வினால் பங்கேற்பாளருக்குத் தீங்கு ஏற்பட்டால் தெரிவிக்க ஒரு இணையப் படிவம் வைத்திருக்கிறார்கள். உடல் பாதிப்பா, மனப் பாதிப்பா, தகவல் கசிவா என்று கேட்டது. நிலம் அதில் இல்லை. 'மற்றவை' என்பதில் எழுதினேன். பாதியில் இடம் முடிந்துவிட்டது. சில வாரம் கழித்துப் பதில் வந்தது. ஆய்வுக் கோப்பினை வைத்திருக்க வேண்டிய காலம் கடந்துவிட்டது, படிவம் முறைப்படி வாசிக்கப்பட்டு, கைநாட்டும் சாட்சியும் பெறப்பட்டிருக்கிறது, மேல் நடவடிக்கை தேவையில்லை. நேர்மையாகத் தெரிவித்ததற்கு நன்றி வேறு.

நாற்காலி கொடுத்த மறுநாள் துறைத் தலைவரின் அறைக்குப் போய் முழுவதையும் சொன்னேன். இனி அந்தப் பாடத்தை நடத்த மாட்டேன் என்றும் சொன்னேன். கவனமாகக் கேட்டார், கண்கூடக் கலங்கியது. கடைசியில், "இதை நீங்கள் ஒரு கட்டுரையாக எழுத வேண்டும், மிக முக்கியமானதாக இருக்கும்" என்றார். பாடத்தை வேறொருவர் எடுத்துக்கொண்டார். படம் மட்டும் கொடுங்கள் என்று கேட்டார். கொடுத்துவிட்டேன்.

ரீத்தாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அபூர்வமாகக் கடைசி வரை கேட்டாள். பிறகு ஆங்கிலத்தில், "பாவம்தான். ஆனால் அவர் முடியாது என்று சொல்லியிருக்கலாமே, அம்மா" என்றாள். அவள் குரலில் குத்தல் எதுவுமில்லை. உண்மையிலேயே அவளுக்கு விளங்கவில்லை. இருபத்தைந்து வருடம் ஊரான் பிள்ளைகளுக்கு விளக்கியதை என் பிள்ளைக்கு விளக்க எனக்கு மொழியில்லை.

அதற்கடுத்த ஞாயிறு அண்ணன் மகன் மூலம் எண் வாங்கிப் பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டேன். என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "என்னம்மா செய்யறது? அங்கதான் காலேஜு கட்டிட்டாங்களே" என்றார். பேரன் ஒருவன் இருக்கிறான், அவன் படிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவன் படித்து முடித்து வேலைக்கே போய்விட்டானாம். கேட்பதற்கு மிச்சம் ஒன்றுதான் இருந்தது.

"எங்கள மன்னிச்சிருங்க. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்றேன். அழுதுகொண்டேதான் கேட்டேன். உண்மையான அழுகைதான்.

 அந்தப் பக்கம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது கேட்டது.

"சரிங்கம்மா. மன்னிச்சிட்டோம். அழுவாதீங்க" என்றார்.

சொல்லி முடித்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. வாங்க போங்க என்று பேசி, அழுது, நேராகக் கேட்டு, வேறு பதில் சொல்ல வழியில்லாமல் ஒன்றை வாங்கியிருக்கிறேன். மன்னிக்க முடியாது என்று அவர் மனதுக்குள் சொல்லியிருக்கலாம். அந்தச் சொல்லாத பதிலைக் காதில் வாங்க எனக்கு எந்த வகுப்பும் கற்றுத்தரவில்லை.

நன்றி சொன்னேன். அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. அவர் போனை வைக்கவில்லை, மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு ஆள் வைக்கும் முன்னால் தான் வைப்பது மரியாதையில்லை என்று காத்துக்கொண்டிருந்தார். நான்தான் வைத்தேன்.